கொக்கின் பக்கம் மீன் தலை

மகளின் சைக்கிள் செயின் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் கிடந்ததைக் கண்டு மனைவி போட்ட சத்தத்தில்தான் அப்பா எழும்பி வந்தார். நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வெளியில் பெய்கிறதா விட்டுவிட்டதா என்று சொல்லமுடியாத லண்டன் மழை. எங்களுடையது ஈஸ்ட்ஹாமில் ஒரு மேல்மாடி வீடு. முற்றமும் இல்லை, கொட்டிலும் இல்லை. சைக்கிள் வேலை என்றால் தமிழ்க் கடையில் சும்மா கிடைக்கும் பத்திரிகைகளைச் சமையலறை நிலத்தில் விரித்துத்தான் செய்யவேண்டும். காணி விற்பனை, மரண அறிவித்தல், அரங்கேற்றம் எல்லாவற்றின்மேலும் கறுப்பு எண்ணெய் சொட்டும்.

“உதென்ன, மீன் கழுவிறியோ?”

“செயின் அப்பா.”

அவர் ஒரு கதிரையை இழுத்து வாசலோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எண்பத்திரண்டு வயது. அம்மா போன பிறகு கதை குறைந்துவிட்டது. ஆனால் வீட்டில் யாராவது கையால் ஒரு வேலை செய்தால், அது வாழைக்காய் சீவுவதென்றாலும் சரி, பக்கத்தில் வந்து இருந்துவிடுவார்.

மகள் செப்டெம்பரில் பல்கலைக்கழகம் தொடங்கியவள். மைல் எண்ட் வரை சைக்கிளில்தான் போய்வருகிறாள். ஈஸ்ட்ஹாமிலிருந்து ஸ்ற்ராட்போர்ட் பக்கம் போக கிறீன்வே என்றொரு உயர்ந்த நடைபாதை இருக்கிறது. இரண்டு பக்கமும் புல்லும் பற்றையுமாகப் பார்க்க நன்றாக இருக்கும். அதன் வயிற்றுக்குள் ஓடுவது பசல்கெற் என்ற பொறியியலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய லண்டனின் பெரிய மலவாய்க்கால். கோடையில் சில இடங்களில் அது தன்னை ஞாபகப்படுத்தும். அந்தப் பாதையின் மணலும் ஒக்டோபர் மழையும் சேர்ந்து இரண்டு மாதத்தில் அவளுடைய செயினைக் கறுப்புப் பசையாக்கிவிட்டன. பெடல் மிதிக்கும்போது எலிக்குஞ்சு மாதிரிக் கீச்சென்றது. “புதுசா ஒண்டு வாங்கலாம்தானே அப்பா, பத்துப் பதினைஞ்சு பவுண்” என்றாள். வாங்கலாம்தான். ஆனால் முதலில் அளந்து பார்ப்போம் என்றேன்.

செயினை அளக்க இரும்பு அடிக்கோல் ஒன்று போதும். ஒரு ஊசியின் நடுவிலிருந்து அடுத்த ஊசியின் நடுவரை சரியாக அரை அங்குலம், 12.7 மில்லிமீற்றர். உலகத்தின் எந்தச் சைக்கிளிலும் அநேகமாக இதுதான் கணக்கு. ஆகவே பூச்சியத்தை ஒரு ஊசியின் நடுவில் பிடித்தால் 12 அங்குலக் கோடு இருபத்திநாலாவது கண்ணியின் ஊசி நடுவில் விழவேண்டும். அந்த ஊசி கோட்டைத் தாண்டி ஒரு அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குக்குப் போய்விட்டால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்குக்குப் போய்விட்டால் பல்லுச்சில்லுகளையும் அது தின்றிருக்கும். செயின் ‘நீண்டுபோச்சு’ என்று சொல்வது வாய்ப்பழக்கம். தகடு ஒன்றும் இழுபட்டு நீள்வதில்லை. ஊசிக்கும் அது சுழலும் குழாய்க்கும் நடுவில் மண் போய் இருந்து இரண்டையும் அரைக்கிறது. ஒரு கண்ணியில் தேய்வது ஒரு தலைமயிரின் தடிப்புத்தான். அப்படி நூற்றுப்பத்துக் கண்ணிகள் தேய்ந்தால் முழுச் செயினில் ஒரு சென்றிமீற்றர் வந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

மகளின் செயின் இன்னும் எல்லைக்குள்தான் இருந்தது. கழுவினால் போதும்.

இந்தச் சாமானின் பிறந்தகம் இங்கிலாந்துதான் என்பதை அவளுக்குச் சொன்னேன். ஹான்ஸ் ரெனோல்ட் என்ற சுவிஸ்காரர் மன்செஸ்டருக்கு வந்து, 1879இல் சல்போர்டில் பஞ்சாலைகளுக்குச் சங்கிலி செய்யும் ஒரு சின்னத் தொழிலை வாங்கினார். அடுத்த வருடமே, 1880இல், இன்றைக்கு நாம் பாவிக்கும் உருளைச் சங்கிலிக்குக் காப்புரிமை எடுத்தார். ஊசி, குழாய், அதைச் சுற்றி உருளை, இரண்டு சோடித் தகடு. நூற்றிநாற்பது வருடத்துக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை. 1885இல் கொவென்ற்றியில் ஸ்ரார்லி என்பவர், பின்சில்லைச் செயினால் இழுக்கும் ‘றோவர்’ சைக்கிளைச் செய்தார். அதற்கு முந்திய சைக்கிள்களில் மிக உயரமான முன்சில்லின் அச்சில்தான் பெடல். வந்தேறி ஒருவர் செய்த சாமான் என்றதும் மகளுக்குச் சந்தோசம். ரெனோல்டைப் பற்றி ரெலிபோனில் தேடிப் பார்த்துக்கொண்டாள். செயினைத் தொடவில்லை.

செயினைக் கழற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கியரை முன்னும் பின்னும் சின்னப் பல்லுச்சில்லுக்கு மாற்றினால் செயின் தளரும். சுற்றிச் சுற்றிப் பார்த்தால் மற்றவற்றைவிட வேறு நிறத்தில், அல்லது எழுத்துப் பொறித்தபடி, ஒரு கண்ணி இருக்கும். அதுதான் பூட்டுக்கண்ணி. அதன் இரண்டு ஊசிகளையும் ஒன்றையொன்று நோக்கி அமத்தினால் திறபடும். அதற்கென்று குறடு விற்கிறார்கள். குறடு இல்லாதவர்கள் பழைய சப்பாத்துக் கயிற்றை இரண்டு பக்கமும் கோர்த்து முடிச்சிட்டு இழுத்தும் திறக்கலாம். கழற்றமுதல் பின்பக்கம் கியர் மாற்றும் கைக்குள்ளால் செயின் எப்படிப் போகிறது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் போடும்போது அந்தச் சின்னத் தகட்டுக்கு எந்தப் பக்கம் என்று கட்டாயம் குழம்பும். நான் மூன்று தரம் குழம்பியிருக்கிறேன்.

பிறகு ஒரு பழைய ஊறுகாய்ப் போத்தலில் செயினைப் போட்டு, அழுக்கு நீக்கும் திரவத்தை ஊற்றி, மூடி, குலுக்கவேண்டும். முதல் தண்ணீர் கறுப்புக் கோப்பி. இரண்டாவது தேத்தண்ணி. மூன்றாவதில் கொஞ்சம் தெளியும். நான் லண்டனுக்கு வந்த 2001இல் இருபது பவுணுக்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கி, அதன் செயினைக் கழுவ ஹை ஸ்ற்றீற் நோர்த்தில் ஒரு இரும்புக் கடையில் போய் ‘கெரசின்’ கேட்டேன். கடைக்காரர் விழித்தார். நான் விளக்கு, அடுப்பு என்று கையால் காட்டினேன். கடைசியில் ‘பரபின்’ என்று ஒரு போத்தலைக் கொண்டுவந்து வைத்தார். மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். மண்ணெண்ணெய். கடைக்குள் நின்றபடியே கொஞ்ச நேரம் மணந்துகொண்டிருந்தேன். அந்த மனுசன் என்னைப்பற்றி என்ன நினைத்தாரோ.

எங்கள் வீட்டில் ஒரு றலி சைக்கிள் இருந்தது. அப்பா 1964இல் வேலைக்குச் சேர்ந்து முதல் வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. நொட்டிங்காமில் செய்தது. பச்சை நிறம். றலியின் இலச்சினை கொக்கின் தலை. அந்தக் கொக்கை முன்பக்கத் தகட்டில் மட்டுமல்ல, பெடலோடு இருக்கும் பெரிய பல்லுச்சில்லிலும் வெட்டியிருப்பார்கள். மிதிக்க மிதிக்கக் கொக்குகள் சுற்றும். (சில வருடங்களுக்கு முன் ஒரு சிநேகிதரைப் பார்க்க நொட்டிங்காமுக்குப் போனபோது அந்தத் தொழிற்சாலை எங்கே என்று விசாரித்தேன். 2002இல் அங்கே உற்பத்தி நின்றுவிட்டதாம். அந்த நிலத்தின் ஒரு பகுதியில் இப்போது பல்கலைக்கழகத்தின் ஜூபிலி வளாகம். குளத்தில் வாத்துகள் நின்றன, கொக்கைக் காணவில்லை.)

1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரமும் ரயிலும் நின்றன. பெற்றோலும் பற்றரியும் தடை. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். புகை மூக்கை அரிக்கும். மற்றவர்களுக்கெல்லாம் சைக்கிள்தான். விறகு, மரக்கறி, நோயாளி, பொம்பிளை மாப்பிள்ளை எல்லாம் கரியரில் போயின. எங்கள் வீட்டில் சைக்கிளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பின்னேரமானால் அதைக் கவிட்டு, சீற்றிலும் ஹாண்டிலிலும் நிற்க வைத்து, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றுவோம். லண்டன் புஷ் ஹவுஸிலிருந்து பிபிசி தமிழோசை வரும். சுற்றுகிறவர் களைத்தால் லண்டனும் களைத்துவிடும். தங்கச்சி சுற்றும் முறை வந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் இழுபடும். வந்த புதிதில் ஓல்ட்விச்சில் புஷ் ஹவுஸ் வாசலைக் கடக்கும்போதெல்லாம் என் வலது கை மெல்ல வலிப்பதுபோல் இருக்கும்.

செயின் கழுவுவதை எனக்குப் பழக்கியவர் அப்பா. மண்ணெண்ணெய் விளக்குக்கே இல்லாத காலம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துச் சொட்டுக் கணக்கில் ஊற்றி எரித்த விளக்கில்தான் நான் படித்தேன். அதனால் மாதத்தில் ஒருதரம், ரின்பால் பேணியின் கால்வாசிக்கு மண்ணெண்ணெய். அதற்குள் செயினைச் சுருட்டி வைத்து, பழைய பல்லுத்தேய்க்கும் பிறஷால் தேய்க்கவேண்டும். கழுவிய எண்ணெயை ஊற்றிவிடக்கூடாது. இரண்டு நாள் அசையாமல் வைத்தால் மண் அடியில் படியும். மேலே தெளிந்ததை வடித்து அடுத்த மாதத்துக்கு வைப்போம். தேங்காயெண்ணெய் பூச விடமாட்டார். “உது பசைபிடிச்சு மண்ணைக் கூப்பிட்டு வைச்சிருக்கும்” என்பார். அம்மாவின் தையல் மெசின் எண்ணெய்தான், அதுவும் கண்ணிக்கு ஒரு சொட்டு. பூசிய பிறகு வெளியே நிற்பதைத் துணியால் துடைத்துவிடவேண்டும். எண்ணெய்க்கு வேலை உள்ளேதான், வெளியில் இல்லை.

அந்தக் காலத்துச் செயினை மூட்டுவது வேறு மாதிரி. ஒரு கண்ணியின் வெளித்தகடு கழன்று வரும். அதன் மேலே ஒரு சின்ன உருக்குக் கிளிப். ஒரு முனை வளைந்து மூடியிருக்கும், மறுமுனை பிளந்திருக்கும். பார்த்தால் மீன் மாதிரியே இருக்கும், வட்டத் தலையும் பிளந்த வாலும். அதை ஊசிகளின் வெட்டுக்குள் தள்ளினால் ‘டக்’ என்று இருந்துவிடும். அதைப் போட ஒரு முறை உண்டு. செயின் போகிற திசையில் மூடிய பக்கம் இருக்கவேண்டும். பிளந்த பக்கம் முன்னுக்குப் போனால் எங்காவது தட்டுப்பட்டுக் கழன்றுவிடும். அப்பா இதை எனக்கு ஒரு வசனத்தில் சொல்லித் தந்தார். “கொக்கின்ர பக்கம் மீன்ர தலை. மீன் தானாப் போய் கொக்கின்ர வாயுக்கை விழவேணும்.” பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பொடியனுக்கு இதைவிட எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

1993இல் அப்பா கிளாலிக் கடலால் கொழும்புக்குப் போனார். திணைக்கள வேலை அங்கே மாறிவிட்டது. போகும்போது வீட்டுத் திறப்புகளோடு சைக்கிளையும் என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

1995 ஒக்டோபர் 28, சனிக்கிழமை. ரிவிரெச நடவடிக்கை தொடங்கிப் பத்துப் பதினொரு நாள். செல் சத்தம் ஒவ்வொரு நாளும் கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தது. எங்கள் வீடு நல்லூருக்குப் பக்கத்தில். ஓடவேண்டி வந்தால் சைக்கிள் நன்றாக இருக்கவேணும் என்று அம்மா சொன்னார். நான் செயினைக் கழற்றிக் கழுவி, எண்ணெய் விட்டு, திரும்பப் போட்டேன். கிளிப்பை வைக்கும்போது வாய்க்குள் அந்த வசனத்தைச் சொன்னது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அன்றிரவு தமிழோசையும் கேட்டோம். செயின் சத்தமே இல்லாமல் ஓடியது.

திங்கள், 30ஆம் திகதி, காலையில் அம்மா சொன்னார்: “அப்பாச்சியை முதல் கைதடியிலை கொண்டுபோய் விடு. விட்டிட்டுத் திரும்பி வா. பிறகு பெட்டியையும் தங்கச்சியையும் ஏத்துவம்.” கைதடியில் சொந்தக்காரர் வீடு. ஐந்தாறு மைல். அப்பாச்சியைக் கரியரில் இருத்தி, செம்மணியால் நாவற்குழிப் பாலம் தாண்டிக் கொண்டுபோய்விட்டேன். அங்கே அவரை இறக்கும்போது சைக்கிள் சரிந்து விழுந்தது. செயின்கவர் கொஞ்சம் உள்ளே நெளிந்துவிட்டது. கையால் இழுத்துப் பார்த்தேன். சரி வந்தது போலிருந்தது. சோறு தந்தார்கள், சாப்பிட்டேன். அந்தச் சோற்றைச் சாப்பிடாமல் விட்டிருக்கலாம் என்று பல வருடம் நினைத்திருக்கிறேன். ஆனால் அது காரணமில்லை.

திரும்பி வரும் வழியில் டிக் டிக் என்று ஒரு சத்தம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம். எதுவோ செயின்கவரில் தட்டுகிறது என்று தெரிந்தது. நிற்பாட்டிப் பார்த்திருக்கவேண்டும். நேரம் போகிறதே என்று மிதித்தேன். பாலத்துக்குக் கிட்ட கால் திடீரென்று பெடலோடு வெறுமையாகக் கீழே போனது. திரும்பிப் பார்த்தால் செயின் றோட்டில் செத்த பாம்பு மாதிரி நீட்டிக் கிடந்தது. செயின் முழுசாக இருந்தது. வெளித்தகடும் கிடைத்தது. கிளிப்பைக் காணவில்லை. ஒரு விரல்நகம் அளவு சாமான், மழைச்சேற்றில். ஒரு மணித்தியாலம் தேடியிருப்பேன். வேலிக் கம்பி ஒன்றை முறித்துக் கட்டிப் பார்த்தேன். பத்து மிதி தாங்கியது, விட்டுவிட்டது. திரும்பக் கட்டினேன். பிறகு செயினைச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தள்ளத் தொடங்கினேன்.

செம்மணிக்கு வரும்போது இருட்டுப்பட்டுவிட்டது. அதற்குள் யாழ்ப்பாணத்தில் எல்லாரும் வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் எதிரே ஒரு சனம் வருகிறது என்பதுதான். முதலில் றோட்டின் ஒரு பக்கம். பிறகு முழு றோட்டும். அந்த இரவைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறார்கள். நான் சொல்லக்கூடியது ஒன்று: அந்தச் சனத்துக்கு எதிர்ப்பக்கமாகப் போக முயன்றேன், முடியவில்லை. ஆளை ஆள் நெரித்துக்கொண்டு, ஒரு அடிக்கும் மறு அடிக்கும் நடுவில் நின்று நின்று, மழைக்குள் வந்தார்கள். “எங்கையடா தம்பி போறாய், திருப்பு, திருப்பு” என்று ஒரு கிழவர் என் ஹாண்டிலைப் பிடித்துத் திருப்பினார். அம்மா இந்தச் சனத்துக்குள்தான் வருவார் என்று, றோட்டோரம் சைக்கிளைச் சாத்திவிட்டு விடியும்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் கேட்டுக் குழந்தைகள் அழுதன. சிலர் குடையைக் கவிட்டு மழையை ஏந்திக் கொடுத்தார்கள்.

அம்மா வரவில்லை. அவர் எனக்காகக் காத்திருந்தார். பதினொரு வயதுத் தங்கச்சியோடு, எல்லாரும் போய்விட்ட ஒழுங்கையில், பெட்டியை வாசலில் வைத்துக்கொண்டு இரவு முழுக்கக் காத்திருந்தார். அயலட்டை போகும்போது கூப்பிட்டிருக்கிறார்கள். “மகன் இப்ப வந்திடுவான்” என்றாராம். விடிந்த பிறகுதான் வெளிக்கிட்டார். பெட்டியைத் தூக்க முடியாது. கையில் கொண்டுவரக்கூடியதை ஒரு பையில் போட்டுக்கொண்டு நடந்து, மறுநாள் இரவு ஒன்பது மணிபோல் கைதடி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். என்னைக் கண்டதும் அறையப்போகிறார் என்று நினைத்தேன். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“என்னடா நடந்தது?”

“செயின் அறுந்துபோச்சம்மா.”

அறுந்தது என்றுதான் சொன்னேன். கழன்றது என்று சொல்லவில்லை. அறுந்தால் அது செயினின் பிழை, முப்பது வருடப் பழைய சாமான், யாரும் எதுவும் சொல்லமுடியாது. கழன்றால் அதைப் பூட்டியவன் பிழை. பதினைந்து வயதில் இந்த வித்தியாசம் எனக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. கொடிகாமத்தில் ஒரு சைக்கிள் கடைக்காரர் ஒரு பேணிக்குள் கிண்டி இன்னொரு கிளிப் எடுத்துத் தந்தபோது, அதை யாருக்கும் தெரியாமல்தான் போட்டேன். பெட்டி போனது போனதுதான். 1996 மே மாதம் நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது ஓடும் இல்லை, யன்னலும் இல்லை, பெட்டியும் இல்லை. காணி உறுதி அதற்குள். அதற்குப் பிறகு பிரதி எடுத்துவிட்டோம். படங்களுக்குப் பிரதி எங்கே எடுப்பது? அம்மா அப்பாவின் கலியாணப் படம், நான் பிறந்ததிலிருந்து பிடித்த படங்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. என் பிள்ளை முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. மகள் குழந்தையாக இருந்தபோது “உன்னைப்போலவே” என்று அம்மா சொல்வார். நம்புவதைத் தவிர வழியில்லை.

நாலு வருடத்துக்கு முன் அம்மா இங்கே காலமானார். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இளவயதுப் படம் ஒன்று வேணும் என்று அச்சடிக்கிறவர் கேட்டார். எல்லாருக்கும் அப்படித்தானாம், ஒரு பக்கம் இளமை, ஒரு பக்கம் முதுமை. நாடுநாடாக ரெலிபோன் எடுத்தோம். ரொறன்ரோவில் ஒரு மச்சாள் வீட்டிலிருந்து ஒரு குழுப்படம் வந்தது. யாருடையதோ பூப்புனித நீராட்டு விழா. பின்வரிசையில் அம்மாவின் முகம் பாதி, மிச்சம் ஒரு ஆளின் தோளுக்குப் பின்னால். அதைத்தான் வெட்டிப் பெருப்பித்துப் போட்டோம். அப்பா அந்த மலரைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “அந்தப் பெட்டி மட்டும் வந்திருந்தால்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. குற்றம் சாட்டும் குரலும் இல்லை. நான் கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எனக்கு விளங்காத விசயம் ஒன்று இருந்தது. நான் பிழையாகத்தான் போட்டிருக்கிறேன், கிளிப் கழன்றதே அதற்குச் சாட்சி. ஆனால் அந்த வசனத்தைச் சொல்லித்தானே போட்டேன். கொக்கின் பக்கம் மீன் தலை. எப்படிப் பிழைத்தது?

திரும்பச் சமையலறைக்கு வருகிறேன். செயின் கழுவி, சுடுதண்ணீரில் அலசி, பழைய துவாயால் துடைத்து, ஹீற்றருக்கு மேலே அரை மணித்தியாலம் காயப்போட்டாயிற்று. அழுக்குத் திரவத்தைத் தொட்டியில் ஊற்றப்போன மகளைத் தடுத்தேன். அதை ஒரு போத்தலில் சேர்த்து கவுன்சிலின் கழிவு நிலையத்துக்குத்தான் கொண்டுபோகவேண்டும். பிறகு இரண்டு பேருமாகச் செயினைச் சைக்கிளில் கோர்த்தோம். பூட்டுக்கண்ணியின் இரண்டு பாதியையும் கொளுவினேன்.

“இது இன்னும் இறுகயில்லை. இப்ப பெடலை மெல்லச் சுத்தி, இந்தக் கண்ணியை மேல் பக்கம் கொண்டு வா. பின் பிறேக்கைப் பிடிச்சுக்கொண்டு பெடலை அமத்து.”

“ஏன் மேலை வரவேணும்? கீழை வைச்சு அமத்தினால் என்ன?”

“மேல் பக்கம்தான் இழுபடும். பெடலை மிதிச்சால் மேலை இருக்கிற செயின்தான் பின்சில்லை முன்னுக்கு இழுக்கும். கீழை இருக்கிறது சும்மா திரும்பிப் போறது.”

“அப்ப கீழை இருக்கிறது பின்னுக்கா போகுது?”

“ஓம். மேலை முன்னுக்கு, கீழை பின்…”

அதோடு வாய் நின்றுவிட்டது. மகள் பிறேக்கைப் பிடித்துப் பெடலை அமத்தினாள். ‘டக்’ என்று பூட்டுக்கண்ணி இறுகியது. நான் கேட்கவில்லை என்றே சொல்லலாம். கண்ணுக்கு முன்னால் பச்சைச் சைக்கிள் நின்றது.

“அப்பா” என்று அப்பாவைக் கூப்பிட்டேன். “றலிக்குக் கிளிப் போடுறதுக்கு எனக்கு என்ன சொல்லித் தந்தனீங்கள், நினைவிருக்கே?”

அவர் யோசிக்கக்கூட இல்லை. “கொக்கின்ர பக்கம் மீன்ர தலை.”

“மேல் பக்கம் எண்டு சொன்னனீங்களோ?”

“மேல் பக்கம்தானே போடுறது. சொல்லாமல் இருப்பனே? மேல் பக்கத்திலை வைச்சு, கொக்கின்ர பக்கம். கீழ்ப் பக்கத்திலை அப்பிடிப் போட்டால் மீன் வாலாலை எல்லோ போகும்.”

“நான் மேல் பக்கத்திலைதான் போட்டனான்.”

“எப்ப?”

அப்போதுதான் சொன்னேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒருவருக்கும் சொல்லாததை, கையெல்லாம் கறுப்பாக, மகள் பக்கத்தில் நிற்க, அவளுக்கு எவ்வளவு விளங்குகிறது என்றும் யோசிக்காமல் சொன்னேன். செயின் அறுகவில்லை அப்பா, கழன்றது. சனிக்கிழமை நான்தான் போட்டேன். அம்மாவுக்கும் சொல்லவில்லை. பெட்டி அதனால்தான்.

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை, சைக்கிளைப் பார்த்தார். நான் நினைத்தது, அவர் அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று. அல்லது, அதை விடு தம்பி, எப்பவோ முடிஞ்ச கதை என்பார். அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

“மேல் பக்கம் போட்டால் கழலாதே” என்றார். “ஸ்ராண்டிலை விட்டோ போட்டனீ?”

“ஸ்ராண்ட் உடைஞ்சு கிடந்தது. கவிட்டு வைச்சுப் போட்டனான். பின்னேரம் ரேடியோவுக்கு எப்பிடியும் கவிட்டு வைக்கிறதுதானே, அதோடையே…”

அப்பா தன் வலது கையை நீட்டினார். உள்ளங்கையைக் கீழே வைத்துப் பார்த்தார். பிறகு மெல்லத் திருப்பி மேலே வைத்துப் பார்த்தார். விரல்கள் கொஞ்சம் நடுங்கின. இடது கைச் சுட்டுவிரலால் புறங்கைப் பக்கம் முன்னுக்கு ஒரு கோடு, உள்ளங்கைப் பக்கம் பின்னுக்கு ஒரு கோடு. திரும்பவும் கையைக் கவிட்டார். மூன்று நாலு தரம் செய்திருப்பார்.

“கவிட்டால் கீழ்ப் பக்கம் எல்லோ மேலை வரும்” என்றார்.

“ஓம்.”

“நான் அதைச் சொல்லித் தரேல்லை.”

“நீங்கள் ஒருநாளும் கவிட்டு வைச்சுச் செய்ததில்லை அப்பா.”

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் எண்ணெய்ச் சீசாவை எடுத்து, நான் முன்னர் காட்டியபடி பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விடத் தொடங்கினாள். நூற்றிப் பத்துச் சொட்டு. நேரம் எடுக்கும் வேலை. அப்பா துணியை வாங்கி வைத்துக்கொண்டார். அவள் ஒரு முழுச் சுற்று முடித்ததும், குனிய முடியாமல் குனிந்து, செயினைத் துணிக்குள் பிடித்துக்கொண்டு, “இப்ப சுத்து பிள்ளை” என்றார். செயின் அவர் கைக்குள்ளால் ஓடியது. துணியில் கறுப்பு வரவில்லை, தேன் நிறத்தில் மெல்லியதாக ஒரு கோடு மட்டும்.

“அண்டைக்கு என்ன செய்தி சொன்னவங்கள்?” என்று கேட்டார், தலையை நிமிர்த்தாமல்.

“எண்டைக்கு?”

“அந்தச் சனிக்கிழமை. கவிட்டு வைச்சுக் கேட்டனீங்கள் எல்லே. நானும் கொழும்பிலை அறையிலை இருந்து அதைத்தான் கேட்டிருப்பன்.”

எனக்கு நினைவில்லை. செயின் சத்தமில்லாமல் ஓடியதுதான் நினைவிருக்கிறது. தங்கச்சிக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டேன். அவள் மெல்பேர்ணில் நித்திரையில் இருந்தாள். அவளுக்கும் நினைவில்லை. அன்றைக்குத் தன்னுடைய முறை, தான்தான் சுற்றினது, கை நொந்தது என்றாள்.